செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயலவை ஆறு முறை கூடியது. தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குச் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தீபாவளி விருந்து நடந்தது. சங்கப் படகு இரண்டு முறை புலாவ் அமான் தீவுக்குப் போய் வந்தது.

இரண்டாவது பயணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில், ஜெரஜாக் தீவை நெருங்கும்போது தரைப்பலகைக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், சேரும் தண்ணீரை வெளியேற்றுவது பில்ஜ் பம்ப். தண்ணீர் ஏறினால் அதை ஓடவிடும் மிதவை சுவிட்சில் பிளாஸ்டிக் பை சிக்கியதால் அது ஓடவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. தொட்டித் தண்ணீர் என்றால் பரவாயில்லை, இது கடல். எந்த வால்வை மூடுவது? படகில் இருந்த ஆறு பேருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். கழிப்பறைக்குக் கடல்நீர் எடுக்கும் ஹோஸ், கிளிப் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. அதன் வால்வு படுக்கைக்கு அடியில், தூண்டில் சாமான்களுக்குப் பின்னால் கிடந்தது. வருடக்கணக்கில் யாரும் திருகாத பிடி அது. இரண்டு பேர் சேர்ந்துதான் மூடினோம்.

கரை சேர்ந்ததும் பில்ஜ் பம்புக்கு உதிரிபாகம் வாங்கினோம், பொருந்தவில்லை. பெட்டியில் இருந்த மேனுவல், எப்போதோ கழற்றி எறிந்த பழைய பம்புடையது!

அதன் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் படகிலேயே இருந்தேன். ஒவ்வொரு ஹோஸையும் தொடக்கம் முதல் முடிவு வரை கையால் தடவிப் போய் வரைபடம் போட்டேன். நன்னீருக்கு நீல டேப், கடல்நீருக்குப் பச்சை, கழிவுக்குப் பழுப்பு. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள எல்லா ஹோஸுக்கும் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் இரண்டிரண்டு கிளிப். படகின் அடியில் கடலுக்குத் திறக்கும் ஆறு வால்வுகளுக்கும் எண் எழுதி, வால்வு உடைந்தால் துளையை அடைக்க, பக்கத்திலேயே ஒரு மரக்கட்டை அடைப்பானைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். வால்வின் பிடி ஹோஸோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கழிப்பறைக் கழிவு ஹோஸைக் கழற்றினால் சுண்ணாம்புபோல் படிந்து பாதி அடைத்திருந்தது. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்தால் அப்படித்தான். மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றி ஊறவிட்டால் படிவு குறையும்.

மேனுவல்களை எஞ்சின், தண்ணீர், கழிப்பறை, மின்சாரம் என்று நான்கு கோப்புகளாகப் பிரித்தேன். படகில் இல்லாத கருவிகளின் மேனுவல்களை எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் மாடல் எண், வரிசை எண், வாங்கிய தேதி, உதிரிபாக எண் இருக்கும். அசல் என் வீட்டில். படகின் ஈரத்தில் காகிதம் பூசணம் பிடிக்கிறது. நகல் படகில், பிளாஸ்டிக் உறைக்குள். படம் எடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் போட்டாயிற்று.

இந்த வேலைக்கு 41 உறுப்பினர்களையும் அழைத்தேன். முதல் ஞாயிறு நால்வர் வந்தார்கள், கடைசி ஞாயிறு நான் மட்டும். பயணத்துக்குப் பெயர் கொடுக்கும்போது இடம் போதாமல் போகிறது. பில்ஜைத் துடைக்க ஆள் இல்லை. இது மனவருத்தம் தருகிறது.

கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சொற்பம். 17 பேர் சந்தா பாக்கி. பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

தலைவர், பொருளாளர், கணக்காய்வாளர்கள், விருந்து சமைத்த தாய்மார்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒன்று. ஆறு வால்வுகளில் இரண்டு சாதாரணப் பித்தளை. கடல்நீர் அதிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிடும். சுரண்டிப் பார்த்தேன், இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. வெண்கலத்தில் மாற்ற வேண்டும், அதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும். பாக்கிச் சந்தா வந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி தேறும். அதுவரை படகைப் பயணத்துக்கு அனுப்பக் கையெழுத்திட என் மனம் ஒப்பவில்லை. வரைபடத்தையும் கோப்புகளையும் கற்றுக்கொள்ள இளையோர் இருவர் முன்வந்தால், ஞாயிறு காலை எட்டு மணிக்குப் படகில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்