பொம்மையையும் சேர்த்து அனுப்பு

தஞ்சாவூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பரோடா நுண்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பத்தோடு நீ அனுப்பப்போகும் உன் சிற்பங்களின் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். வெண்கலத் தலை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பொங்கலுக்கு வந்தபோது தச்சுப் பட்டறைக் கட்டைகளை வைத்துக் குரங்கு ஒன்று செய்தாயே, அதைக் காணோம். கேட்டால், "அது சும்மா விளையாட்டுக்குப்பா, இன்டர்வியூவில் சிரிப்பாங்க" என்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

வேறு எந்தக் கல்லூரி என்றாலும் பேசாமல் இருந்திருப்பேன். பரோடா, ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் பாடம் நடத்திய இடம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், 1924இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனார். 1944இல் வங்காளத்தில் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனில் சேர்ந்து நந்தலால் போஸ், பினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் போன்ற பெரிய கலைஞர்களிடம் கற்றார். 1951இல் பரோடாவுக்கு ஆசிரியராக வந்தார்.

1960களில் அங்கே மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சந்தை போடுவார்கள். செய்ததையெல்லாம் ஊர்ஜனங்களுக்குக் குறைந்த விலைக்கு விற்பார்கள். அதற்காக இவர் மரத்துண்டு, பாசிமணி, தோல் என்று கையில் கிடைத்ததைக் கோத்து மிருகங்களும் பறவைகளும் செய்தார். இழைத்துப் பளபளப்பாக்கிய வேலை கிடையாது. ஒரு உருளை, ஒரு தட்டை, இரண்டு மணி, அவ்வளவுதான். பார்த்தால் உனக்கு முன்னால் ஒரு ஆசாமி நிற்பான்.

சந்தைக்குச் செய்ததுதானே என்பாய். அதே காலத்தில்தான், 1963இல், லக்னோவில் ரவீந்திராலயா என்ற அரங்கத்தின் பெரிய சுடுமண் சுவர்ச்சிற்பத்தையும் செய்தார். தாகூரின் நாடகம் ஒன்றுதான் அதன் கரு. கிட்டே போய்ப் பார்த்தால் சின்னச் சின்ன மண்துண்டுகள். ஒன்றோடொன்று சேர்ந்து மனிதர்களாகின்றன. பொம்மையின் இலக்கணமும் அதுதானே! எது எதற்குக் கற்றுக்கொடுத்தது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பின்னாளில் கண்ணாடி ஓவியத்துக்கு வந்தார். தாத்தாவின் பூஜையறையில் கொழுகொழுவென்று தவழும் கிருஷ்ணன் இருக்கிறாரே, அந்த வேலைதான். கண்ணாடியின் பின்பக்கம் வரைய வேண்டும். காகிதத்தில் கடைசியாக வைக்கும் கண்மையும் நகைப்பொட்டும் இதில் முதலில் வரும். அதன்மேல் உடம்பின் நிறம், எல்லாம் முடிந்து பின்புலம். இடம் வலமாகும். முன்னால் திருப்பும்வரை முகம் எப்படி வந்திருக்கிறது என்று சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இதை ஒருமுறை பிள்ளைகளுக்குச் செய்யக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து அவர்கள் போட்ட கூச்சலில் ஹெட்மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். அந்தக் கூச்சல் உள்ளே இருக்கிற ஆள்தான், பேர் வாங்கிய பிறகும் இப்படித் தலைகீழாக வரைய உட்காருவான்.

இதைக் கொஞ்சல் என்று நினைத்துவிடாதே. குழந்தைகளுக்குப் புத்தகங்கள் எழுதி வரைந்தவர், நெருக்கடிநிலையைக் கேலி செய்யும் கதையையும் அப்படியொரு படப்புத்தகமாகவே போட்டார். அவர் ஓவியங்களில் அசுரனும் முகமூடியும் ஆயுதமும் தாராளமாக உண்டு. குழந்தைகள் பயப்படவும் ஆசைப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் குழந்தை என்றாலே ரோஸ் கலர் எடுக்கிறோம்.

சாந்திநிகேதனில் ஒரு கட்டடம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார். 2009இல், 85 வயதில், சாரத்தில் ஏறி அதை மறுபடி வரைந்தார். 2012இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 2016இல் பரோடாவிலேயே காலமானார்.

குரங்கை மூன்று படம் எடு: கை தொங்கும்போது, தூக்கியபோது, பின்பக்கம். வெள்ளைத் துணி விரித்து நகைக்கடை மாதிரி எடுக்காதே. குறிப்பில் "பொழுதுபோக்காகச் செய்தது" என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். என்ன மரம், எத்தனை துண்டு, எந்த மூட்டு எப்படி அசைகிறது என்று எழுது. தேர்வு செய்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கடைசித் தேதி என்றைக்கு என்று அம்மா கேட்கச் சொன்னாள். கட்டணம் கட்டிவிட்டாயா?

அன்புடன்,
அப்பா