அலுவலகப் பகுதிக் கடைகளின் கட்டணத்தை மாற்றி அமைக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்
அலுவலகப் பகுதிச் சிறு கடைக்காரர்கள்

பெறுநர்
உயர்திரு மாநகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: வீட்டிலிருந்து வேலை பார்க்கும் வழக்கத்தால் குறைந்த வியாபாரத்துக்கு ஏற்ப வாடகை, உரிமக் கட்டணம், கட்டட அனுமதி ஆகியவற்றை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

நகலெடுப்பு, சலவை, செருப்புத் தைப்பது, சாப்பாட்டுக்கடை என்று எங்கள் தொழில்கள் வேறு வேறு. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர்தான்: காலையில் அலுவலகம் வந்து மாலையில் வீடு திரும்புகிறவர். 2020 மார்ச்சில் அவர் வீட்டோடு வேலை பார்க்கப் போனார். கொரோனா அடங்கினால் வந்துவிடுவார் என்று கடன் வாங்கிக் கடையைக் காத்தோம். வந்தார்தான், செவ்வாய், புதன், வியாழன் மட்டும். திங்களும் வெள்ளியும் ஷட்டரைத் திறப்பதே நட்டம்.

எல்லாரையும் அலுவலகத்துக்கு வரச்சொல்லி உத்தரவு போடுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. எங்களில் சிலரின் பிள்ளைகளே வீட்டில் இருந்துதான் வேலை பார்க்கிறார்கள். நிறுவனங்களுக்கும் இது லாபம். டிரிப்.காம் என்ற சீனப் பயண முன்பதிவு நிறுவனத்தின் ஊழியர்கள் 1,600-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2024-ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று வைத்ததும், வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலையின் தரம் குறையவில்லை. இந்த வழக்கம் இனிப் போகாது. சரி, அப்படியென்றால் மாநகராட்சியின் பழைய கணக்கைத்தான் மாற்ற வேண்டும்.

பொருளாதார அறிஞர்கள் அர்ஜுன் ராமானியும் நிக்கோலஸ் புளூமும் 2021-ல் இதை 'டோனட் விளைவு' என்றார்கள். நடுவில் ஓட்டை, சுற்றிலும் மாவு. நகர மையத்தில் செலவான பணம் புறநகருக்கு நகர்ந்துவிட்டது. நியூயார்க்கின் மையப் பகுதியான மன்ஹாட்டனில் மட்டும் ஊழியர்களின் செலவு ஆண்டுக்கு சுமார் 1,240 கோடி டாலர் குறைந்ததாக 2023-ல் ஒரு மதிப்பீடு வந்தது. எங்கள் கடைத்தெரு மன்ஹாட்டன் அல்ல, ஆனாலும் ஓட்டை அதே ஓட்டைதான்.

வாடகையும் உரிமக் கட்டணமும் வாரம் முழுக்கக் கூட்டம் வந்த காலத்தில் வைத்தவை. மாநகராட்சிக்குச் சொந்தமான கடைகளுக்கு வாடகையை இன்றைய வியாபாரத்தைப் பார்த்துத் திரும்ப மதிப்பிட வேண்டும். நிலுவையைத் தவணையில் கட்ட விட வேண்டும். அப்புறம், தள்ளுவண்டி வைத்திருப்பவர்கள் திங்களும் வெள்ளியும் அதே உரிமத்தோடு குடியிருப்புப் பகுதியில் விற்க அனுமதி கொடுங்கள். வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகத்தானே வேண்டும்.

பெரிய வேலை ஒன்று உண்டு. காலியாகக் கிடக்கும் அலுவலக மாடிகளை வீடுகளாக மாற்ற வழி செய்யுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் அலுவலக இடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் காலியானது. கட்டடம் காலியானால் அதன் மதிப்பு இறங்கும், உங்கள் சொத்து வரியும் இறங்கும். கனடாவின் கால்கரி நகரம் 2021-ல், இப்படி மாற்றும் உரிமையாளருக்குச் சதுர அடிக்கு 75 கனடிய டாலர் வரை மானியம் தரத் தொடங்கியது. எல்லாக் கட்டடமும் ஒத்துவராது என்பது தெரியும். அகலமான தளங்களில் நடுப்பகுதிக்கு ஜன்னலே கிடைக்காது, கழிவுநீர்க் குழாயும் புதிதாக இழுக்க வேண்டும். எவை ஒத்துவரும் என்று உங்கள் பொறியாளர்கள் முதலில் கணக்கெடுக்கட்டும். மாடியில் குடும்பம் வந்தால் கீழே கடை ஞாயிற்றுக்கிழமையும் ஓடும்.

நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். திங்கள் அல்லது வெள்ளியாக இருந்தால் நல்லது. மற்ற மூன்று நாளும் கடையை விட்டு வர முடியாது.

இப்படிக்கு,
அலுவலகப் பகுதிச் சிறு கடைக்காரர்கள்