செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நம் ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற ஆர்வலர்களின் வானொலி) சங்கத்தின் 2025–26ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் வழக்கமான விஷயங்கள். செயற்குழு ஆறு முறை கூடியது. ஞாயிறு காலை நெட், அதாவது ரேடியோவில் கூடும் நம் சந்திப்பு, தடையில்லாமல் நடந்தது. ஹாம் உரிமத்துக்கான ஏ.எஸ்.ஓ.சி. தேர்வு வகுப்பில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள், ஐந்து பேர் தேர்வு எழுதினார்கள். ஆகஸ்டில், கலங்கரை விளக்கங்களிலிருந்து ஹாம்கள் பேசும் வார இறுதி நிகழ்வில் கலந்துகொண்டோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நம் ரிப்பீட்டரின் பேட்டரியை மாற்றினோம். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்குச் சங்கத்தின் அஞ்சலி.

அடுத்து விண்வெளி நிலையத் திட்டம், அதாவது பள்ளி மாணவர்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோடு ஹாம் ரேடியோவில் பேச வைக்கும் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஜனவரி செயற்குழுவில், "ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் சங்கம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?" என்று ஒரு கேள்வி வந்தது. அன்று நேரமில்லாததால் நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

2025 ஜூலை 4 அன்று இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் இருந்த மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். செய்தி வந்த மறு வாரமே நம் ஊர் எல்லையில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை என் வீடு தேடி வந்தார். "எங்க பிள்ளைங்களும் பேச முடியுமா சார்?" என்று கேட்டார். முடியும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பொறுப்பு.

இந்தத் தொடர்புகளை உலகம் முழுவதும் ஏற்பாடு செய்பவர்கள், விண்வெளி நிலைய ஹாம் ரேடியோவுக்கான அரிஸ் அமைப்பின் தன்னார்வலர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. 1983இல் விண்வெளி வீரர் ஓவன் கேரியட் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து ஒரு சிறிய ரேடியோவில் பேசியதுதான் விண்வெளியிலிருந்து நடந்த முதல் ஹாம் தொடர்பு. நிலையத்திலிருந்து முதல் பள்ளித் தொடர்பு 2000 டிசம்பர் 21 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பர்பேங்க் என்ற ஊரின் பள்ளியோடு. நிலையத்திலிருந்து பேசியவர் விண்வெளி வீரர் பில் ஷெப்பர்ட். அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் நடந்துவிட்டன. ஒவ்வொன்றின் பின்னாலும் நம்மைப் போல நாலு பேர் மொட்டை மாடியில் நின்றிருக்கிறார்கள்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. அது நம் வானத்தை ஒரு முறை கடப்பதைத்தான் பாஸ் என்கிறோம். நல்ல பாஸ் என்றாலும் வானத்தின் ஒரு விளிம்பில் எழுந்து மறு விளிம்பில் மறைய ஏறக்குறைய பத்து நிமிடம்தான். கடந்து போகும் நேரமும் தினமும் 20 நிமிடத்துக்கு மேல் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே கடிகாரம் யூ.டி.சி. எனும் உலகப் பொது நேரம். அவர்கள் காலை 6 மணிக்கு எழுந்தால் நமக்கு 11.30. ஆக அவர்கள் விழித்திருக்கும் நேரம், நம் பள்ளி நேரம், தலைக்கு மேல் வரும் பாஸ் மூன்றும் ஒத்துப்போகிற நாட்கள் கொஞ்சம்தான். நாள் கிடைத்துவிட்டால் மறுமுறை என்று ஒன்று இருக்காது. அதனால்தான் பயிற்சி, பயிற்சி என்று எல்லோரையும் தொந்தரவு செய்தேன்.

ஆன்டெனா விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தின் குரல் வரும் 145.800 மெகாஹெர்ட்ஸுக்கான கிராஸ் யாகி ஆன்டெனாவை நாமே செய்தோம். ஆன்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரை வெளியில் வாங்க நம்மிடம் பணமில்லை. லேத் பட்டறை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர் இரண்டு வைப்பர் மோட்டாரை வைத்து ஒன்றைச் செய்து கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். ஐயாவுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. 145.825இல் நிலையத்திலிருந்து வரும் பாக்கெட் (டிஜிட்டல் தகவல்) சத்தத்தை வைத்துக்கொண்டு ஆன்டெனாவைத் திருப்பிப் பழகினோம். நிலையம் நம்மை நோக்கி வரும்போது ஃப்ரீக்வென்சி 3 கிலோஹெர்ட்ஸ் வரை மேலே தெரியும், தாண்டியதும் அதே அளவு கீழே இறங்கும். இந்த டாப்ளர் விளைவைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், டயலைத் தானே திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது நிஜமாவே நடக்குது" என்றான்.

நிலையத்திலிருந்து எஸ்.எஸ்.டி.வி. படங்கள் (ரேடியோவில் ஒலியாக அனுப்பும் படங்கள்) வந்த நாட்களில் ஒரு மாலை 17 மாணவர்கள் மாடியில் இருந்தார்கள். ஒரு படம் இறங்க இரண்டு நிமிடம் ஆகும். வரி வரியாகப் படம் விழ விழ யாரும் பேசவில்லை. பாதியில் சிக்னல் விட்டுப்போய் அடிப்பகுதி வெறும் புள்ளிகளாகத்தான் வந்தது. அந்தப் பாதிப் படத்தைத்தான் பிரிண்ட் எடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் ஒத்திகையும் நடத்தினோம். முதல் தடவை பத்து நிமிடத்தில் ஏழு கேள்விதான் முடிந்தது. பேசி முடித்ததும் "ஓவர்" சொல்ல மறந்து எல்லோரும் காத்திருந்தார்கள். மார்ச்சில் பதினாறு கேள்வி வரை வந்துவிட்டது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அங்க தமிழ் பேசுறவங்க யாராவது இருப்பாங்களா?" என்று கேட்டாள். இந்தியாவின் மனித விண்வெளிப் பயணத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வானவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்றேன். மறு வாரம் அவள் ஒரு தமிழ்க் கேள்வியும் தயாராக வைத்திருந்தாள்.

சரி, இப்போது மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிற உறுப்பினர்களுக்குத் தோதாக இருக்கட்டும் என்றுதான் சனிக்கிழமை விடிகாலைப் பாஸ்களாகப் பார்த்து பதினோரு பயிற்சிகள் வைத்தேன். நாம் 43 பேர். ஒரு பயிற்சிக்குக்கூட ஐந்து பேருக்கு மேல் வரவில்லை. மூன்று முறை நானும் ஆசிரியையும் பிள்ளைகளும் மட்டும்தான். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது, வரமாட்டேன் என்பதைவிட அதிகமாக வலிக்கிறது. சைக்கிளில் மகளைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்த ஒரு தகப்பனார், "உங்க ஆளுங்க இன்னும் வரலையா சார்?" என்று கேட்டபோது நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

சந்தாவும் அப்படித்தான். இந்த ஆண்டு சந்தா கட்டியவர்கள் 19 பேர். 11 பேர் இரண்டு ஆண்டாகப் பாக்கி. பெயர் சொல்லப் போவதில்லை. வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தருவார். மொத்தத்தில் கையிருப்பு போன ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, கடன் இல்லை. விண்வெளித் திட்டத்துக்குச் சந்தாப் பணத்தில் எடுத்தது கேபிளுக்கும் கனெக்டர்களுக்கும் மட்டுமே. மீதிக்கு இரண்டு நன்கொடைகளும், நான் முன்பணமாகப் போட்ட 14,300 ரூபாயும். அதைத் திருப்பிக் கேட்கவில்லை. சங்கத்தின் பணம் வீணாகவில்லை என்பது பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், மாடியைத் திறந்துவிட்ட பள்ளிக் காவலாளிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி. விண்ணப்பம் தயாராக இருக்கிறது. அனுப்பினாலும் உடனே நாள் கிடைக்காது, வரிசையில் காத்திருக்க வேண்டும். நிலையத்தை 2030 வரை இயக்குவதுதான் இப்போதைய திட்டம். அந்த ஏழாம் வகுப்பு மாணவி அப்போது பதினொன்றாம் வகுப்பை முடித்திருப்பாள். தொடர்பு நாளில் இரண்டு ஆபரேட்டர், ரோட்டேட்டருக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், பிள்ளைகளை வரிசையாக மைக்குக்கு அனுப்ப இருவர் என்று ஆறு பேராவது வேண்டும். இன்றைக்கு மூன்று பேர் இருக்கிறோம். மூன்று பேரை வைத்துக்கொண்டு அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. 2005இல் நம் நாட்டின் ஹாம் ரேடியோ செயற்கைக்கோளான ஹாம்சாட் மேலே போனபோது கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் நின்றவர்கள் இந்த அறையிலேயே எட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

செயலாளர் பொறுப்பில் தொடர்வதா என்பதைக் கூட்டத்தின் முடிவுக்கு விடுகிறேன். யார் வந்தாலும் ரோட்டேட்டரின் வயரிங் படத்தையும் மாணவர்களின் கேள்விப் பட்டியலையும் ஒப்படைக்கத் தயார். வருகிற சனிக்கிழமை காலை 5 மணிக்கு ஒரு நல்ல பாஸ் இருக்கிறது. நாலரைக்கே பள்ளி வாசலில் இருப்பேன், மாடிச் சாவி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்