பானையை வரைந்து முடி, அம்மிணி

அம்மிணி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போட்டோகிராபி படிக்கச் சேர்ந்தால் கேமராவைக் கையில் தராமல் பானையையும் துணி மடிப்பையும் வரையச் சொல்கிறார்கள், இதற்கு எதற்குக் காலேஜ், யூடியூபே போதுமே, இந்த செமஸ்டரோடு நின்றுவிடட்டுமா அத்தை என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு என்னிடம் வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். அதனால் உனக்கான பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன், உன் பேரைப் போடவில்லை.

நிற்காதே. பானையை வரைந்து முடி. துணி மடிப்பை இன்னும் நன்றாக வரை.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆன்லைன் கேட்டலாக் படம் எடுத்துக் கொடுக்கிறேன். கேட்டால் சுலபமாகத் தெரியும், ஆனால் வெள்ளை டீ-சர்ட்டை வெள்ளைப் பின்னணியில் வைத்து, அதன் ஓரம் பின்னணிக்குள் கரைந்து போகாமல், தையலும் ரிப் காலரும் தெரிகிற மாதிரி எடுத்துப் பார். அங்கே கேமராவின் விலை உதவாது. எந்தப் பக்கம் லைட்டை நகர்த்தினால் மடிப்பின் நிழல் ஒரு படி கூடும், எங்கே ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் ஓரம் பிரிந்து நிற்கும் என்று கண் சொல்ல வேண்டும். வேலை கேட்டு வரும் பையன்கள் கேமராவில் உள்ள மெனு எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தத் துணியில் அடர்ந்த நிழல் எங்கே விழுகிறது என்று கேட்டால் மட்டும் உடனே ஸ்கிரீனைப் பார்ப்பார்கள், துணியைப் பார்க்க மாட்டார்கள். துணி மடிப்பை 6பி என்ற அடர்ந்த மென்மையான பென்சிலில் ஒரு வாரம் வரைந்த பெண் நேராகத் துணியைத்தான் பார்ப்பாள்.

கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார் என்று உங்கள் சார் சொல்வதாகச் சொன்னாயே, அது சும்மா சொல்வதில்லை. அப்படிப் பார்த்தால் நுணுக்கம் எல்லாம் மறைந்து வெளிச்சமும் இருட்டும் பெரிய பெரிய திட்டுகளாக மட்டும் தெரியும். படம் நிற்பதும் விழுவதும் அந்தத் திட்டுகளில்தான். இன்றைக்கும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

உங்க அப்பாரு தோட்டத்துக் கட்டுத்தறியிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. மயிலைக் காளை உடம்பு முழுக்க வெளுப்பு, திமிலிலும் கழுத்திலும் கருமை படர்ந்திருக்கும். அந்த ஒரு மாட்டிலேயே ஐந்தாறு சாம்பல் இருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாசம் போலத்தான் சாம்பலுக்கு மாறும், அதையும் பார்த்திருப்பாய். இப்போது அந்தக் காளையை ஃபிரேம் நிறைய வைத்து ஆட்டோவில் எடு. வெளுத்த மாடு அழுக்குச் சாம்பலாக வரும். ஏனென்றால் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மாடும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை 18 சதவீதச் சாம்பல், அதாவது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு அதற்குத் தகுந்த மாதிரி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். எருமையை எடுத்தால் நேர் எதிராக, கறுப்பு வெளிறிவிடும். வெள்ளைக்கு வெளிச்சத்தை ஒரு படி கூட்டு (பிளஸ் ஒன்), கறுப்புக்கு ஒரு படி குறை (மைனஸ் ஒன்) என்று யூடியூபில் சொல்லிவிடுவார்கள்தான். ஆனால் வெயில் பாதி முதுகில் அடித்து வயிறு நிழலில் இருக்கும்போது பிளஸ் எவ்வளவு? அதை எந்த வீடியோவும் உன் பக்கத்தில் நின்று சொல்லாது. கரியிலும் பென்சிலிலும் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக டோன் அளவுகோல் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

நிறத்துக்கு வருவோம். இதில் உனக்கு வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார், நீ அவரிடம் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். உன் அப்பா சாயப்பட்டறை லேபில் இத்தனை வருஷமாக என்ன செய்கிறார்? துணி வாங்கும் பையர் அனுப்பிய சாம்பிளையும், அதற்கு ஒத்துவரும்படி லேபில் சாயம் தோய்த்த துண்டான லேப் டிப்பையும் லைட் பாக்ஸுக்குள் வைத்து, டி65-ல் ஒரு தடவை, டிஎல்84-ல் ஒரு தடவை, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்க்கிறார். டி65 என்பது 6500 கெல்வின், பகல் வெளிச்சம். டிஎல்84 ஏறக்குறைய 4000, ஐரோப்பியக் கடைகளில் வெகுகாலம் எரிந்த ட்யூப் லைட். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி இன்னொன்றில் வேறு வேறாகத் தெரியும், அந்தத் தொல்லைக்கு மெட்டாமெரிசம் என்று பேர். நீ கேமராவில் வொயிட் பேலன்ஸ் என்று திருகுகிறாயே, அதுவும் இப்படி வெளிச்சத்தின் நிறத்தைச் சமாளிக்கிற விவகாரம்தான். போட்டோ எடுக்கிறதுக்கு ஒரு படிப்பா என்று என் அண்ணன், உன் அப்பா, கேட்கிறார் அல்லவா, ஒரு நாள் அவரோடு லேபுக்குப் போய் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு வெளிச்சமாகப் போட்டுக் காட்டச் சொல். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறீர்கள் என்று அவருக்கே புரியும்.

ஓவியம் வேறு, போட்டோ வேறு என்ற பிரிவினை நம் பக்கத்தில் ஆரம்பத்தில் இருந்ததே இல்லை. சென்னையில் 1850-ல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்தான் 1856-ல் அங்கே போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கியதிலும் இருந்தார். அந்தப் பள்ளிதான் இன்றைக்கு அரசு கவின் கலைக் கல்லூரி. அதே 1856-ல் மெட்ராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக லினியஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் வந்தார். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை எடுத்தவர் என்றுதான் அவரைப் பலரும் சொல்வார்கள், ஆனால் ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் ஜில்லாவையும்கூட எடுத்திருக்கிறார், 1858-ல் ஆல்பமாகவே வந்தது. மெழுகு தடவிய காகிதத்தில்தான் நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனம் நீலத்துக்கு அளவுக்கு மீறி வேலை செய்யும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். அவர் என்ன செய்தார் தெரியுமா, நெகட்டிவ் மேல் கையாலேயே வண்ணம் தொட்டு மேகத்தை வரைந்து சேர்த்தார். அதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். வானத்தில் எவ்வளவு அடர்த்தி இருந்தால் கீழே கோட்டை நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீ படிக்கிறது தொழில் திறன் சொல்லித்தரும் கம்யூனிட்டி காலேஜ், அதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள் என்று அண்ணி வருத்தப்பட்டார். 1995-லேயே பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் தொடங்கி வைத்த முறை இது, நேற்று முளைத்தது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் திட்டத்தில் நடக்கிற உங்கள் கோர்ஸ் மாதிரியானவற்றில் ஒரு வருட டிப்ளமோவுக்கு 60 கிரெடிட், 36 தொழில் திறனுக்கு, 24 பொதுப் படிப்புக்கு. பிறகு வேண்டுமென்றால் பி.வோக். என்ற தொழில் படிப்புப் பக்கம் போய்ப் பட்டமாக்கிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது உன் வகுப்புதான். பெருந்துறையில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் அக்கா, ப்ளஸ் டூ முடித்த நீ, எல்லோரும் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து வரைகிறீர்கள், அப்புறம் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டிவைத்து ஆளாளுக்குக் குறை சொல்கிறீர்கள். அந்த சுவருக்காகவே காலேஜுக்குப் போகலாம். உன் படத்தை இன்னொருவர் எப்படிப் பார்க்கிறார் என்பது லைக் எண்ணிக்கையில் தெரியாது. அன்றைக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது என்றாய், பரவாயில்லை கண்ணு, அடுத்த தடவை நீயும் வாயைத் திறந்து அவர்கள் படத்தைப் பற்றிச் சொல்.

கேமரா விஷயம். இஎம்ஐ போட்டு பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்க அண்ணனை நச்சரிக்காதே. காலேஜ் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டால் கேமரா தருகிறார்கள், அது போதும். ரொம்ப வேண்டுமென்றால் பழைய பாடி ஒன்றும் 50 எம்எம் 1.8 லென்ஸும். ஆனால் ட்ரைபாடு மட்டும் நல்லதாக வாங்கு.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு உன்னைக் கூட்டிப் போகிறேன். குதிரையும் மாடும் அவ்வளவு வரும். முதலில் பென்சில்தான், ஒரு மாட்டையாவது உட்கார்ந்து வரை, அதற்குள் மாட்டுக்காரரும் உன்னோடு பேச ஆரம்பித்துவிடுவார், படம் எடுக்கலாமா என்று கேட்பதும் எளிது. கேட்காமல் யார் முகத்துக்கு நேராகவும் லென்ஸை நீட்டாதே, இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/125 நொடி வைத்துத் தொடங்கு, மீட்டரைப் பார்க்காமல்.

அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்றைக்கு என்று மட்டும் அனுப்பு.

உன் அத்தை