எந்த ஊர்க் காய் என்று இனி எழுதிப் போடுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பங்குனியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 'இலவம்பாடி முள்ளு கத்தரி' என்று எழுதிவைத்து அன்றைக்கு ஒரு கூடை காய் விற்றோம். நம் சத்துவாச்சாரி கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பாட்டி ஒரு காயை எடுத்து, காம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "முள்ளே குத்தலையே, இது எந்த ஊர்க் காய்ப்பா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. வியாபாரி சொன்னதை அப்படியே நம்பி எழுதியிருந்தோம். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்களை விடவில்லை.

அதனால் ஆனி முதல் தேதியிலிருந்து வாசல் கரும்பலகையில் ஒவ்வொரு காய்க்கும் ஊர், பறித்த நாள், விளைவித்தவருக்கு நாங்கள் கொடுத்த விலை மூன்றையும் எழுதுகிறோம். எந்த ஊர் என்று தெரியாததற்கு 'மார்க்கெட் சரக்கு' என்றே எழுதுவோம். கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் முன்போல மலைப்பக்கத்திலிருந்துதான் வரும். அதை மறைக்க மாட்டோம்.

ஊர் பெயரை இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேறு ஊரில் எப்படியோ, நம் பக்கத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையில் எத்தனையோ கிணறுகள் கெட்டுப்போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விஷயம் இது. நாங்கள் காய் வாங்கும் நிலங்களுக்கு நேரில் போய், கிணறு எங்கே இருக்கிறது, எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று பார்த்த பிறகே பேசுகிறோம். பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே மருந்து அடிக்காதது ஆகிவிடாது. மருந்து அடித்திருந்தால் அதையும் பலகையில் பார்க்கலாம்.

சரி, அந்தக் கத்தரிக்காய்க்கு வருவோம். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியை வைத்துப் பேர் பெற்ற காய் அது. 2023-இல் 'வேலூர் முள்ளு கத்தரி' என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. தண்டு, இலை, காம்பு எல்லாவற்றிலும் முள். பறிக்கிறவர் கையில் கீறல் இல்லாத நாள் இல்லை. சதைப்பற்று அதிகம், விதை குறைவு. எண்ணெயில் வதக்கிப் புளி ஊற்றினாலும் குழையாமல் நிற்கும். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கு இதைப் போட்டுப் பார்த்தவர்கள் வேறு காயை எடுக்க மாட்டார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். சில நாள் வரவே வராது. அப்போது பெயரை மாற்றி வேறு காயை வைக்க மாட்டோம், கூடை காலியாகவே இருக்கும்.

அப்புறம், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு. ஆடிப்பட்டம் வருகிறது. முள்ளு கத்தரி நாற்றுகள் கடையில் தயாராக இருக்கின்றன. ஒரு பைக்கு ஒரு நாற்றுப் போதும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து, மேலே ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூவுங்கள். நம் மாடி வெயிலுக்கு முதல் பத்து நாள் நிழல்வலை கட்டாயம். நல்லா நின்ற செடியில் ஒரு நுனி மட்டும் திடீரென்று வாடித் தொங்கினால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள். உள்ளே புழு துளைத்திருக்கும். வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி, தூரப் போடாமல் எரித்துவிடுங்கள். பை, விதை எல்லாம் சேர்ந்த தொகுப்பு வேண்டுமென்றால், மானிய விலையில் கிடைக்கிறதா என்று தோட்டக்கலைத் துறையில் முதலில் விசாரியுங்கள்.

வீட்டுக்குப் போக மிஞ்சுவதை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பிரண்டை, தூதுவளை ஒரு பிடி இருந்தாலும் சரி. காலை ஏழரைக்குள் கொண்டுவந்தால் உங்கள் எதிரிலேயே எடை போட்டுக் காசு கொடுத்துவிடுவோம். நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கெல்லாம் கீரை துவண்டுவிடுகிறது, அதனால்தான் இந்த நேரம். பலகையில் உங்கள் தெருப் பெயரை எழுதலாமா என்று மட்டும் வரும்போது சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காய்கறிக் கடையினர்,
சத்துவாச்சாரி, வேலூர்