பேண்ட்சா வாங்கும் முன்

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். தோப்பில் வெள்ளை ஈதான் விட்டபாடில்லை.

மகன் பட்டறைக்குப் பழைய பேண்ட்சா ஒன்றை, அதுதான் சக்கரங்களில் பட்டை ரம்பம் ஓடும் மரம் அறுக்கும் மெஷினை, பேசி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

என் மில்லில் காங்கயம் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், இருபத்திரண்டு வயது. அன்று சனிக்கிழமை சாயங்காலம், சம்பள நேரம். வேம்பு அறுத்து முடித்திருந்தோம். சக்கரத்தில் பிசினும் தூளும் அப்பினால் பட்டை நிலைகொள்ளாமல் ஓடும், அதனால் அன்றன்றைக்குத் துடைத்தாக வேண்டும். மோட்டாரை நிறுத்தியாயிற்று. "சீக்கிரம் முடித்துவிட்டு வாடா" என்று குரல் கொடுத்தவன் நான்தான். மரம் அறுக்கையில் அலறும் ரம்பம், மோட்டார் நின்றபின் அரவமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பல் கண்ணுக்குத் தெரியாது, வெறும் பளபளப்புதான். அவன் துடைக்கக் கையில் வைத்திருந்த திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியின் நூல் பல்லில் மாட்டியது. துணியை விடத் தோன்றுவதற்குள் கையையும் இழுத்துவிட்டது.

ஆள்காட்டி விரல் அடியோடு போயிற்று. எதிர்க் கடையில் ஐஸ் வாங்கி, விரலை அதற்குள் புதைத்துக் கோவைக்கு ஓடினோம். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். ஐஸ் நேராகப் பட்டதில் சதை செத்துவிட்டது, ஒட்டவைக்க முடியாது என்றார் மருத்துவர். அந்த வராந்தாவை என்னால் மறக்க முடியவில்லை.

இழப்பீட்டுக்காக அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தேன். கட்டைவிரல் போனால் வருமானத் திறனில் 30 சதவீத இழப்பு, முழு ஆள்காட்டி விரலுக்கு 14. அவன் சட்டைப் பொத்தானை நடுவிரலால் தள்ளித் தள்ளிப் போடுவதற்கு எத்தனை சதவீதம், மாப்பிள்ளை?

இப்போது மெயின் சுவிட்சுக்குப் பூட்டு உண்டு. துடைக்கிறவன் பையில்தான் சாவி இருக்கும். சக்கரம் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைத் திறக்கலாம். அப்போதும் நீளக் கைப்பிடி பிரஷ்தான். கையுறை போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, ஓடுகிற ரம்பத்தில் துணி இழுத்த மாதிரியே அதுவும் இழுக்கும்.

நீ பேசிய மெஷினில் பிரேக் இருக்கிறதா, சக்கர மூடி இருக்கிறதா என்று பார். வியாழக்கிழமை சந்தைக்கு வருவாயல்லவா, அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே. மகனையும் கூட்டி வா. அந்தத் தம்பி இப்போது என்னிடம் கணக்குப் பார்க்கிறான். அவனே மெஷின் பக்கத்தில் நின்று சொல்லட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்