நூல்களைக் காக்கத் தனி நிதி

ஆசிரியருக்கு,

சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடி பற்றிய செய்தி படித்தேன். சம்பளம், ஓய்வூதியம் பற்றிய கவலை நியாயமே. ஆனால் நூலகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் பொறுப்பேற்று வளர்த்தெடுத்த அருஞ்செல்வம் அது. கட்டடத்தை அடுத்த ஆண்டுகூடச் செப்பனிடலாம். அமிலம் ஏறி அரிபட்ட பழைய தாள் அதுவரை தாங்காது. வேறொரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய தமிழ் மாத இதழ்த் தொகுதி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பிரித்ததுமே பக்க ஓரங்கள் அப்பளமாக நொறுங்கின. வரிகளின் கடைசி எழுத்துகள் மேசைமேல் துகளாய் உதிர்ந்தன. பைண்டிங் செய்யவே பணம் வருவதில்லை என்றார் ஊழியர்.

பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தில், வேறு செலவுக்குத் திருப்ப முடியாதபடி, நூல் பாதுகாப்புக்கென்று தனி நிதித் தலைப்பை உயர்கல்வித் துறை ஏற்படுத்த வேண்டும். முதல் தவணையை மறுபதிப்புக் காணாத தமிழ் இதழ்களின் அமிலநீக்கத்துக்கும் ஸ்கேன் பணிக்கும் ஒதுக்கலாம்.

– ஆய்வு மாணவர், திருவல்லிக்கேணி